தலைக்குத் தலை

வலது கை காதுக்கு மேல் போகவில்லை, போகாது என்று தெரிந்தேதான் தூக்கினாள், தூக்கியதும் தோள்மூட்டுக்குள் யாரோ கொக்கி மாட்டி இழுத்த மாதிரி சுருக்கென்று ஒரு இழுப்பு, அப்புறம் முழங்கைவரை எரிந்துகொண்டு இறங்கும் அந்தப் பழைய வலி... சரி, இடது கையால் பார்ப்போம் என்றால் கண்ணாடிக்குள் எல்லாம் இடம் வலமாக மாறிக் கிடக்கிறது, வகிடு இந்தப் பக்கம் இருக்க பிரஷ் அந்தப் பக்கம் போய் காதுமடலில் மை பூசுகிறது. குளியலறைக் கண்ணாடி முகம் பார்க்க மாட்டியது, பிடரி பார்க்க அல்ல. இன்னொரு சின்னக் கண்ணாடியைக் கொண்டுவந்து குழாய்க்கு மேல் சாய்த்து வைத்திருந்தாள், அது ஈரத்தில் வழுக்கி வழுக்கிக் கடைசியில் அவள் தொப்புளைத்தான் காட்டியது. முன்பக்கம் இரண்டு பங்கும் முடிந்துவிட்டது, அது ஒரு பெரிய காரியமே இல்லை, முன்பக்கத்தை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்வார்கள். பின்பக்கம் இரண்டு பங்கு அப்படியே கிடக்கிறது, துணி உலர்த்தும் கிளிப்பில் சுருட்டி மாட்டிய இரண்டு கொண்டை, ஒவ்வொன்றும் அவள் கைமுட்டியைவிடப் பெரிது. ஒன்பது வருஷத்தில் இன்றைக்குத்தான் தன் தலைக்குத் தானே சாயம் போடுகிறாள். பின்பக்கம் என்பது இந்த ஒன்பது வருஷத்தில் அவள் வேலையாக இருந்ததே இல்லை, அது நாத்தனாரின் வேலை, நாத்தனாரோ மேல்மாடியில்தான் இருக்கிறாள், இந்தக் குளியலறைக்கு நேர் மேலே அவளுடைய குளியலறை, அங்கே வாளி நகர்ந்தால் இங்கே கேட்கும். காலையிலிருந்து இரண்டு முறை நகர்ந்துவிட்டது. வீட்டில்தான் இருக்கிறாள். இருக்கட்டும்.

மணி பத்து இருபது. கலக்கியது பத்து ஐந்துக்கு. கலக்கிய சாயத்துக்கு ஆயுள் அரைமணி நேரம், அதற்குமேல் வைத்திருந்தால் அது சாயமில்லை, சேறு, என்று சொல்லிக் கொடுத்தவளும் நாத்தனார்தான். எல்லாமே அவள் சொல்லிக் கொடுத்தது... இரண்டு நாள் முன்னாடியே காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்துப் பார், அரித்தால் டப்பாவைத் தூக்கிப் போடு, காசு போனால் போகிறது. முதல்நாள் தலைக்குக் குளிக்காதே, தலையில் இருக்கிற பிசுக்குதான் தோலுக்குக் காவல். பிளாஸ்டிக் கிண்ணத்தில் கலக்கு, உலோகப் பாத்திரம் வேண்டாம். நெற்றியோரம், காதோரம் களிம்பு தடவு. தலையை நாலாகப் பிரி, ஒவ்வொரு பங்கையும் விரல் கனத்துக்குப் பிரித்து வேரில் மட்டும் வை. வேரில் மட்டும். இதைத்தான் அவள் நூறு தடவை சொல்வாள், வேருக்குத்தான் வேலை, நுனிக்கு வேடிக்கை. நீளமுடிக்காரிகள் கெட்டுப்போவது இங்கேதான், ஒவ்வொரு முறையும் வேரிலிருந்து நுனிவரை இழுத்து இழுத்துப் பூசுவார்கள், வேரில் இருப்பது நேற்று முளைத்தது, நுனியில் இருப்பது அஞ்சாறு வருஷத்துப் பழசு, அதற்கும் இதற்கும் ஒரே அடி அடித்தால் தாங்குமா. இவளும் அப்படித்தான் அடித்துக்கொண்டிருந்தாள் முதலில், இந்த ஒன்பது வருஷத்துக்கும் முன்னால், யாரிடமும் கேட்காமல், இரண்டே வருஷத்தில் முடி துடைப்பமாகிவிட்டது, சீப்பில் முடி வரவில்லை, முடித்துண்டு வந்தது. நாத்தனார்தான் ஒரு நாள் சடையைக் கையில் எடுத்து நுனியை உருட்டிப் பார்த்து, அண்ணி, இது முடி இல்ல, வைக்கோல், இதுல சாயம் போட்டதுக்கு சுவத்துல போட்டிருக்கலாம் என்று சொல்லி, முழங்கை நீளத்துக்கு வெட்டி எறிந்தாள். வெட்டும்போது இவள் அழவில்லை, கண்ணை மூடிக்கொண்டாள், அவ்வளவுதான். அது திரும்ப இடுப்பைத் தாண்ட மூன்று வருஷம் ஆனது. அந்த மூன்று வருஷமும் வேருக்குச் சாயம், நீளத்துக்கு முழுக்க கண்டிஷனரைக் கெட்டியாகப் பூசி மூடி வைப்பது, வழிகிற சாயம் பழைய முடியைத் தொடாமல் இருக்க, கடைசி ஐந்து நிமிஷம் மட்டும் மிச்சச் சாயத்தில் தண்ணீர் விட்டு நீர்க்கவைத்து நுனிவரை ஒரு தடவு, உடனே அலசு, துண்டால் தேய்க்காதே, பிழி, அதுவும் மெல்ல... நாத்தனார் சொன்னபடியே. முடி திரும்பி வந்தது. இவள் உடம்பில் உழைக்காமல் வளர்கிற ஒரே பொருள் அது, மற்றதெல்லாம் உழைத்துத் தேய்வதுதான்.

அப்போது ஏற்பட்ட ஏற்பாடுதான் தலைக்குத் தலை. இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை ஒரு ஞாயிறு இவள் தலை, அடுத்த ஞாயிறு நாத்தனார் தலை. ஒரே நாளில் இரண்டும் முடியாது, இரண்டு பேருக்குமே இடுப்புவரை முடி, இரண்டு பேருமே லாண்டரியில் வாரத்துக்கு ஆறு நாள் நின்றே வேலை செய்கிறவர்கள், ஒரு தலை முடிவதற்குள் கை செத்துவிடும். யாரும் யாருக்கும் நன்றி சொன்னதில்லை. நீ என் தலையைப் பார்த்தாய், நான் உன் தலையைப் பார்க்கிறேன், தீர்ந்தது. இந்தக் குளியலறையில் இதே பிளாஸ்டிக் முக்காலியில் இவள் உட்கார, பின்னால் நின்றுகொண்டு நாத்தனார் பேசுகிற பேச்சு... "அண்ணி, குனி. இன்னும் குனி. பச்சைக்குழந்தைக்கு நகம் வெட்டிரலாம், உன் தலைய ஒரு இடத்துல நிறுத்த முடியல." வயதில் சின்னவள், ஆனால் லாண்டரியில் பெரியவள், பத்தொன்பது வயதில் உள்ளே போனவள், இவளைக் கூட்டிக்கொண்டுபோய் சேர்த்துவிட்டதே அவள்தான், அதனால் வீட்டில் அண்ணி என்று கூப்பிடுவாள், வேலையிடத்தில் அண்ணியை வேலை வாங்குவாள். முப்பது வயதுக்குள் முழுத்தலையும் நரைத்துவிட்டது, ஒரு முடி மிச்சமில்லை, அவர்கள் வீட்டு வாகு, அண்ணனுக்கு வழுக்கை, தங்கைக்கு வெள்ளை, அண்ணன்காரன் கொக்கு என்றுதான் கூப்பிடுவான், கொக்கு வந்துச்சா, கொக்கு சாப்பிட்டுச்சா என்று. அவளும் கோபித்துக்கொள்ள மாட்டாள், கொக்குக்காவது தலை நிறைய இருக்கு, உனக்கு என்ன இருக்கு என்பாள். பின்பக்கத்தில் குளிர்ந்த பிரஷ் வேரில் வந்து படும்போது ஒரு தூக்கம் வரும், அந்தத் தூக்கத்தை வேறு எங்கேயும் இவள் தூங்கியதில்லை... போதும், அதை இப்போது எதற்கு நினைக்க வேண்டும், பத்து இருபத்துமூன்று.

நாளைக்கு கவுன்ட்டர். அதற்குத்தான் இத்தனை பாடு. பதினோரு வருஷம் பிரஸ்ஸில் நின்றாகிவிட்டது, தலையணை உறையை விரி, கைப்பிடியை இழுத்து இறக்கு, நீராவி, தூக்கு, எடு, அடுத்தது, ஒரு நாளைக்கு அறுநூறு உறை, அறுநூறு இழுப்பு, அறுநூறு தூக்கு. தோள் மூட்டைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர் ரொம்ப சாதாரணமாகச் சொன்னார், இந்தக் கை இனி தூக்கற வேலைக்கு இல்லம்மா, உக்காந்து செய்யற வேலையா மாத்திக்குங்க, இல்லன்னா ஒரு வருஷத்துல தலை சீவவே ஆள் வேணும் உங்களுக்கு. உட்கார்ந்து செய்கிற வேலை அந்த லாண்டரியில் ஒன்றே ஒன்று, முன்பக்கக் கவுன்ட்டர், ஹோட்டல்காரர்கள் மூட்டை கொண்டுவந்தால் சீட்டுப் போட்டுக் கொடுப்பது, திரும்ப வாங்கிப் போகும்போது கையெழுத்து வாங்குவது, அவ்வளவுதான். அங்கே இருந்த பெரியம்மாள் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறாள். வரிசைப்படி அடுத்து நாத்தனார். ஆனால் நாத்தனார் பெயரில் ஒரு ஹோட்டல் புகார் விழுந்துவிட்டது, ஹோட்டல்காரர்கள் புகார் சொன்ன ஆளைக் கவுன்ட்டரில் உட்காரவைப்பதில்லை என்று ஒரு விதி, அதனால் வரிசை ஒரு படி நகர்ந்து இவளிடம் வந்து நின்றது. வெள்ளிக்கிழமை சூப்பர்வைசர் கூப்பிட்டு, "திங்கக்கிழமைலேர்ந்து நீங்க. கவுன்ட்டர்தான் கம்பெனியோட மூஞ்சி, கொஞ்சம் நீட்டா வாங்க" என்றார், சொல்லும்போது அவர் கண் இவள் வகிட்டில் நின்றுவிட்டுப் போனது. வகிட்டின் இரண்டு பக்கமும் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளை, ஏழு வார வெள்ளை. அன்றைக்கே போய் டப்பா வாங்கினாள், அதே எண், அதே நிறம், கருப்புக்கு ஒரு படி கீழே, நேர்க்கருப்பு போட்டால் முகத்தில் விக் மாட்டிய மாதிரி இருக்கும் என்பதும் நாத்தனார் கணக்குத்தான். வீட்டுக்கு வந்து பையைக் கவிழ்த்துப் பார்த்தபிறகுதான் தெரிந்தது, இரண்டு டப்பா வாங்கியிருக்கிறாள். ஒன்பது வருஷப் பழக்கம், கடைக்குப் போனால் கை தானாக இரண்டு எடுக்கிறது. ஒன்று இப்போது கிண்ணத்தில். இன்னொன்று கழுவுதொட்டி ஓரத்தில் மூடி பிரிக்காமல் நிற்கிறது.

வெளியில் செருப்புச் சத்தம், வீட்டுக்காரன். பெயிண்டர். சுவர், கதவு, கப்பலில் ஏற்றும் சரக்குக் கூண்டு என்று எதுவென்றாலும் அடிப்பவன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் எதையும் அடிக்காமல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருப்பான். கதவை ஒருக்களித்து எட்டிப் பார்த்தான், பழைய ஹோட்டல் படுக்கை விரிப்பில் ஓட்டை போட்டுத் தலையை நுழைத்து, முகமெல்லாம் களிம்பும் காதெல்லாம் மையுமாக நிற்கிறவளைக் கொஞ்ச நேரம் தொழில்காரன் பார்வை பார்த்தான். "மாஸ்கிங் டேப் தரவா?" என்றான். சுவரோரம் பெயிண்ட் படாமல் இருக்க ஒட்டுகிற டேப் அது. "பின்னாடி நான் அடிச்சி விடறேன், குடு." கொடுத்தாள், வேறு வழி, மணி பத்து இருபத்தேழு. அவன் ஒரு கிளிப்பைக் கழற்றிக் கொண்டையை அப்படியே விரித்துவிட்டு, பிரஷ்ஷை நிறையத் தோய்த்து உச்சியிலிருந்து இடுப்புவரை ஒரே இழுப்பாக இழுக்கப் போனான். "ஐயோ, நிறுத்துங்க. வேருல மட்டும். சுவரு இல்ல இது." "ரெண்டு கோட் அடிச்சாத்தான் புடிக்கும்." "ஒரு கோட்டும் வேணாம், விடுங்க." அவன் பிரஷ்ஷைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நிலையில் சாய்ந்து நின்றான், கொட்டாவி விட்டான், பிறகு கூரையைப் பார்த்தபடி யாருக்கோ சொல்வதுபோல், "மேல கொக்கு சும்மாதான் இருக்கு. ஒரு குரல் குடுத்தா இறங்கி வந்துரும்" என்றான். இவள் விரிந்த முடியைச் சேர்த்து மறுபடியும் கிளிப்பைப் போட்டாள். "உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, போய் உக்காருங்க." "தெரியாதுதான், ஏழு வாரமா ரெண்டு பேரும் மூஞ்சிய திருப்பிட்டுத் திரியறீங்க, கேட்டா அங்கயும் இதே பதில்தான், உனக்கு ஒண்ணும் தெரியாது அண்ணே, போன்னு. தெரிஞ்சு மட்டும் நான் என்ன பண்ணப்போறேன்." போய்விட்டான். அங்கேயும் இதே பதிலா. அப்படியென்றால் அண்ணனிடம்கூட அவள் சொல்லவில்லை.

சொல்ல என்ன இருக்கிறது, ஒரு முடி. அவ்வளவுதான் விஷயம். ஹோட்டலில் எவனோ இரவு படுக்கப்போனபோது தலையணை உறையில் ஒரு முடி, அதுவும் சும்மா விழுந்த முடி இல்லை, நீராவியில் அழுந்தித் துணியோடு துணியாக ஒட்டிய முடி, நூலால் கோடு போட்ட மாதிரி. உறையோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு வியாழக்கிழமை. சூப்பர்வைசர் அதை மேஜைமேல் வெள்ளைத் தாளில் நீட்டி வைத்துவிட்டு இவளையும் நாத்தனாரையும் மட்டும் கூப்பிட்டார், ஏனென்றால் அந்த உறை இரண்டு கையில்தான் போயிருக்கும், பிரஸ் போட்டவள் கை, பக்கத்து மேஜையில் மடித்தவள் கை, கட்டின் சீட்டில் திங்கட்கிழமை என்று தேதி இருந்தது. தவிர அந்த நீளத்துக்கு முடி அந்தக் கட்டடத்திலேயே இரண்டு பேருக்குத்தான். இரண்டும் ஒரே டப்பாவின் நிறம். தாளில் அந்த முடி கைமுழத்தைத் தாண்டிக் கிடந்தது, ஒரு நுனியில் கடுகைவிடச் சின்னதாக ஒரு வெள்ளை முடிச்சு, தலையிலிருந்து வேரோடு வந்த முடி. "யாரோடது?" என்றார் அவர். இவள் பெயரில் ஏற்கெனவே இரண்டு எழுத்து இருந்தது, எச்சரிக்கைக் கடிதம், இரண்டும் உறை கருகியதற்கு, ஹோட்டலுக்குப் போகாமல் உள்ளேயே பிடிபட்டது, கை சரியாகத் தூக்க வராமல் பிரஸ் ஒரு நொடி அதிகம் உட்கார்ந்துவிட்டது, மூன்றாவது எழுத்து என்றால் வேலை போய் வீடு. நாத்தனார் தாளைக் குனிந்து பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள், இவள் அதற்குள், அவள் நிமிர்வதற்குள், "என்னுது இல்ல சார்" என்றாள். வாய் தானாகச் சொன்னது. பொய் என்று நினைத்துச் சொல்லவில்லை, தெரியாது, யாருடையது என்று யாருக்குத் தெரியும், என்னுடையதாக இல்லாமலும் இருக்கலாம் அல்லவா, பாதிக்குப் பாதி. நாத்தனார் நிமிர்ந்தாள். இவள் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். "அப்ப என்னுதாத்தான் இருக்கும் சார், எழுதிக்குங்க" என்றாள். அந்தக் குரலில் கோபம் இல்லை, குத்தலும் இல்லை, இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த நாளே நாத்தனாரை மடிக்கும் மேஜையிலிருந்து எடுத்து அழுக்குப் பிரிக்கும் அறைக்கு அனுப்பிவிட்டார்கள். அது லாண்டரியின் பின்பக்கம், லாரி வந்து மூட்டை கொட்டுகிற இடம், ஆஸ்பத்திரித் துணி, ஹோட்டல் துணி, ரத்தம், வாந்தி, மற்றதெல்லாம், இரட்டைக் கையுறை போட்டுக்கொண்டு எண்ணிப் பிரிக்க வேண்டும், ஜன்னல் கிடையாது. அந்த ஞாயிறு நாத்தனார் தலைக்கு முறை. இவள் போகவில்லை. போயிருக்க வேண்டும், டப்பாகூட வாங்கி வைத்திருந்தாளோ, இல்லையோ, நினைவில்லை... போனால் என்ன பேசுவது, பின்பக்கம் நின்றுகொண்டு ஒருத்தி தலையில் ஒரு மணி நேரம் கைவைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருக்க முடியுமா. தோள் வலி என்று வீட்டுக்காரனிடம் சொல்லி அனுப்பினாள். அதற்கடுத்த ஞாயிறும் தோள் வலி. பிறகு சொல்லி அனுப்பவும் தேவைப்படவில்லை. மாடிப்படியில் எதிரே வந்தால் நாத்தனார் ஒதுங்கி வழிவிடுவாள், இவள் காலைப் பார்த்துக்கொண்டு இறங்குவாள், பிறகு பின்படி வழியாகப் போகப் பழகிக்கொண்டாள். இவள் தனக்குள்ளே ஒரு வழக்கு நடத்திக்கொண்டிருந்தாள், அவள்தானே ஒப்புக்கொண்டாள், நான் அவள்மேல் சொல்லவில்லையே, என்னுடையது இல்லை என்றுதானே சொன்னேன், அவளுக்கு ஒரு எழுத்தும் கிடையாது, ஒன்று விழுந்தால் என்ன, எனக்கு என்றால் மூன்றாவது, அதுவும் போக அவள் முடியாகவே இருந்தால், இருக்கலாம்தானே, எனக்கு எதற்குக் குற்றவுணர்ச்சி... இப்போது கவுன்ட்டர் எனக்கு வந்ததும் அவளுக்கு வயிற்றெரிச்சல், அதனால்தான் பேசவில்லை. இந்த வழக்கில் தினமும் இவள் பக்கம்தான் தீர்ப்பு, ஆனாலும் மறுநாள் காலையில் திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. போன வாரம் லாரிக் கதவு திறந்திருந்தபோது உள்ளே பார்த்தாள். நாத்தனார் தலையில் துணி கட்டியிருந்தாள், துணி கொஞ்சம் பின்னால் நகர்ந்து நெற்றிக்கு மேல் வெள்ளை தெரிந்தது, இரண்டு விரலுக்கு மேல் சுத்த வெள்ளை, அப்புறம் திடீரென்று கருப்பு, யாரோ தலையில் பாதிக்குத் தொப்பி வைத்த மாதிரி. சிரிப்புக்கூட வந்தது ஒரு கணம்.

பத்து முப்பத்தொன்று. ஏதாவது ஒன்று செய்தாக வேண்டும். வலது முழங்கையைக் கழுவுதொட்டி ஓரத்தில் ஊன்றி, தலையைக் கையிடம் கொண்டுபோனால் என்ன, கையைத் தலையிடம் கொண்டுபோக முடியவில்லை என்றால்... கிளிப்பைக் கழற்றினாள், குனிந்தாள், பிடரியிலிருந்து முடி முன்னால் சரிந்து விழுந்தது, விரலால் ஒரு வகிடு பிரித்தாள், குத்துமதிப்பாக பிரஷ்ஷை வைத்தாள், பட்டது, எங்கே பட்டது என்று தெரியவில்லை. இன்னொன்று. கழுத்தோரம் ஈரம் வழிந்தது. இந்தப் பக்கம் இழுத்ததில் முடி ஒன்று வந்து முன்னால் தொங்கிய விரிப்பில் விழுந்தது, வெள்ளை விரிப்பு, லாண்டரியில் கழித்துப் போட்டது, ஓரத்தில் ஹோட்டல் முத்திரை பாதி அழிந்து நிற்கிறது. இன்னும் சாயம் படாத முடி. துணியில் நீளமாக, வளைந்து, ஒரு நுனியில் அந்தச் சின்ன முடிச்சோடு. குனிந்த கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது, பார்க்காமல் இருக்க முடியவில்லை. முடிச்சிலிருந்து ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளை, அப்புறம் பழுப்பு, அப்புறம் நுனிவரை செம்பட்டை. ஏழு வாரம் சாயம் போடாவிட்டால் இவ்வளவு. நரைத்த முடி என்றால் இவ்வளவு வெள்ளை இருந்தே தீரும், இவள் தலையில் நாலுக்கு இரண்டு கருப்பு இருப்பதால் எல்லா முடியிலும் தெரியாது, நாத்தனார் மாதிரி முழுக்க நரைத்தவளுக்கு என்றால் ஒவ்வொரு முடியிலும், ஒன்றுவிடாமல்... பிரஷ் கையில் நின்றது.

அந்த வியாழக்கிழமை நாத்தனார் தலைக்குச் சாயம் போட்டு எத்தனை வாரம். அவள் முறை அடுத்த ஞாயிறுதான் வரவேண்டியிருந்தது. அப்படியென்றால் ஏழு, ஏழரை வாரம். இதே அளவு. இந்த விரிப்பில் கிடக்கிற மாதிரிதான் இருந்திருக்க வேண்டும் அந்தத் தாளில் கிடந்த முடி, நாத்தனாருடையது என்றால். முடிச்சு, ஒரு விரல் வெள்ளை, பிறகு நிறம். தாளில் கிடந்தது அப்படியா இருந்தது. இல்லை. இல்லை, இல்லை, இவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏழு வாரமாக நினைக்காமல் இருந்ததால்தான் இவ்வளவு நன்றாக நினைவிருக்கிறது, முடிச்சிலிருந்தே கருப்பு. முடிச்சைத் தொட்டுக்கொண்டு ஆரம்பித்த கருப்பு. முந்தைய ஞாயிறு, இந்த முக்காலியில், பச்சைக்குழந்தைக்கு நகம் வெட்டிரலாம் என்று திட்டிக்கொண்டே நாத்தனார் தன் கையால் வேர்வரை வைத்த கருப்பு. சாயம் போட்டு அலசிய மறுநாள் முடி நிறைய உதிரும், அதுவும் அவள் சொன்னதுதான். திங்கட்கிழமை பிரஸ்ஸில் குனியும்போது விழுந்திருக்கிறது. சூப்பர்வைசருக்கு அது வெறும் நீள முடி, அவருக்கு என்ன தெரியும். ஆனால் நாத்தனார் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாளே. தன் கை வைத்த சாயம் தனக்குத் தெரியாதா. வேரை ஒரு பார்வை பார்த்தாலே எத்தனை வாரம் என்று சொல்கிறவள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இவள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. நிமிர்ந்து இவள் முகத்தைப் பார்த்தது கேள்வி இல்லை, இரண்டு எழுத்தை எண்ணிப் பார்த்திருக்கிறாள், தோளை எண்ணிப் பார்த்திருக்கிறாள், எழுதிக்குங்க சார். ஒரே ஒரு தடவை தலையைக் குனிந்து தன் வகிட்டை அவருக்குக் காட்டியிருந்தால் போதும், பாருங்க சார், என் தலை கொக்கு, இது என் முடி இல்லை என்று. காட்டவில்லை. அன்றைக்கும் இல்லை, அண்ணனிடமும் இல்லை, வரிசை நகர்ந்து கவுன்ட்டர் கைவிட்டுப் போனபோதும் இல்லை.

அடுத்து என்ன வரும் என்றும் தெரிகிறது. நாளைக்கு ஒன்பது மணிக்குக் கவுன்ட்டரில் உட்காராமல் நேராக சூப்பர்வைசர் அறைக்குப் போனால் மூன்றாவது எழுத்து. கைக்கு இருக்கிற ஒரே நாற்காலியும் போகும், பிரஸ்ஸும் போகும். போகாவிட்டால் நாற்காலி இருக்கும், சீட்டுப் போடலாம், கை தேறும், பின்னால் கதவுக்கு அந்தப் பக்கம் ஜன்னல் இல்லாத அறையில் அவள் எண்ணிக்கொண்டிருப்பாள். இது ஒன்றும் யோசித்து முடிகிற விஷயம் மாதிரி தெரியவில்லை... கிண்ணத்தில் சாயம் மேலே தோல் கட்ட ஆரம்பித்திருந்தது. பத்து முப்பத்தாறு. முன்பக்கம் வைத்ததை இன்னும் சற்று நேரத்தில் அலசியாக வேண்டும், பின்பக்கம் வெள்ளையாகவே இருக்கப் போகிறது, கவுன்ட்டரில் உட்கார்ந்தால் முன்பக்கம் மட்டும்தான் தெரியும், யோசித்துப் பார்த்தால் அது போதும். மேலே வாளி நகர்ந்தது. தண்ணீர் குழாய்க்குள் இறங்கும் சத்தம் சுவருக்குள் கேட்டது. தலைக்குக் குளிக்கிறாளாக இருக்கும், அந்த அறையின் நாற்றம் போக அவள் இப்போதெல்லாம் தினமும் தலைக்குக் குளிக்கிறாள் என்று வீட்டுக்காரன் சொல்லியிருக்கிறான், தினமும் குளித்தால் முடி என்னத்துக்கு ஆகும், அவளுக்குத் தெரியாதா.

கதவுக்கு வெளியில் மறுபடியும் செருப்பு. "இன்னும் முடியலயா? ஏன் சத்தத்தயே காணோம்?" என்றான். எட்டிப் பார்த்தவன் கண் கழுவுதொட்டி ஓரத்துக்குப் போனது. "இன்னொரு டப்பா பிரிக்காம நிக்குதே, அது யாருக்கு?" அவள் நிமிர்ந்தாள். தலையின் முன்பாதி கருப்பாக, பின்பாதி கிளிப்பு அவிழ்ந்து தொங்க, விரிப்பில் கிடந்த முடியை இரண்டு விரலால் எடுத்தாள், எடுத்து எங்கே போடுவது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றாள். "உங்க தங்கச்சிக்கு" என்றாள். "ஒரு தலை பாக்கி இருக்கு." அவன் சிரித்துவிட்டான். "அவ்வளவுதானே, இதுக்கா ஏழு வாரம்" என்று சொல்லிவிட்டுப் போனான், போகிற போக்கில் படிக்கட்டைப் பார்த்துக் கொக்கு என்று குரல் கொடுப்பானோ, கொடுக்க மாட்டானோ. அவ்வளவுதானா. ஒரு தலை, அது ஒரு மணி நேர வேலை, கை போனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு செய்துவிடலாம். அது போக, "அந்த முடி என்னுது" என்கிற ஒரு வார்த்தை பாக்கி.